கில்ட்டில் பை கிடையாது, மச்சான்

மல்லேக் துறைமுகம், ஸ்காட்லாந்து,
திங்கட்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஹெக்டர் அவர்களின் சமூகத்திற்கு, தங்கை புருஷன் முர்டோ கில்லீஸ் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், எஃபியும், பூனையும், போன மாசக் காற்றில் போக இருந்த கூரையும் நலம். அங்கே உலகத்தின் மறுகோடி டனீடனில் தாங்களும், தாங்கள் இருபது வருஷமாகச் செயலாளராக இருக்கும் ஸ்காட்லாந்துச் சங்கமும், தங்கள் மூட்டுவலியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

மேலே "நானும் எஃபியும் நலம்" என்று எழுதியிருப்பதை வழக்கமான மரியாதை வார்த்தை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். திரும்பவும் எழுதுகிறேன். உங்கள் தங்கை எஃபி உயிரோடு இருக்கிறாள். நேற்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, நான் வைத்த மீன் சூப்பில் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கிண்ணம் சாப்பிடுகிறாள். இதைப் படித்த பிறகு தாங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிப் போனிலிருந்து நான் கூப்பிட்டபோது, நான் "மச்சான்" என்று ஆரம்பித்ததுமே, "ஒண்ணும் பேசாதே முர்டோ. எல்லாத்தையும் என் ரெண்டு காதாலயும் கேட்டேன். புதுசு பாக்கப்போறியாமே, பாரு. ஏதாவது சொல்லணும்னா எழுத்துல குடு" என்று வைத்துவிட்டீர்கள். அப்போதிலிருந்து உங்கள் கைப்போன் அணைந்தே கிடக்கிறது. வீட்டுப் போனில் மணி அடித்து அடித்து, கடைசியில் "பதிவு செய்யுங்கள்" என்கிறது. எஃபியே அதில் மூன்று முறை பேசியிருக்கிறாள். ஆனால் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்பது சோம்பேறிகளின் வேலை என்பது உங்கள் கொள்கை என்று எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் கேட்டபடியே எழுத்தில் தருகிறேன். சங்கத்துக் கூட்ட நடவடிக்கைகளைப் படிக்கிற மாதிரி ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் எஃபி, மறுநாள் கல்யாணத்துக்கு நான் இடுப்பில் கட்டவேண்டிய கட்டம்போட்ட கம்பளிக் கில்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்க மடிப்புகளில் பாதி முடிந்திருக்கும். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "முர்டோ, இஸ்திரிப்பெட்டியை அணை. அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றாள். இந்த வரிசையில்தான் சொன்னாள், நானும் இந்த வரிசையில்தான் செய்தேன். ஃபோர்ட் வில்லியம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தப்பையில் கல், சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. எங்கள் பேத்தி வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் அப்படி ஒரு நிதானம். "முடிய ரெண்டு மணி ஆகும். முடிஞ்சதும் உங்களுக்கு போன் பண்ணுவாங்க. நடுவுல ஏதாவது முடிவு எடுக்கணும்னாலும் கூப்பிடுவோம். போனைப் பக்கத்துலயே வச்சிருங்க" என்றார். 

அடுத்த நாள் பன்னிரண்டரைக்கு இஷ்பெல்லின் கல்யாணம். நம் ஆலிக்கின் மகள். ஆலிக் என்னோடு இருபத்தாறு வருஷம் ஒரே ஃபெரிக் கப்பலில் கயிறு இழுத்தவன், போய் ஆறு வருஷமாகிறது. "அப்பா இடத்துல நீங்க என் கையைப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போகணும் மாமா" என்று அந்தப் பெண் ஜனவரியிலேயே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தாள். நான் எஃபியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் கல்யாணத்துக்குப் போகல. இங்கதான் இருக்கப்போறேன்" என்றேன்.

"இருந்து? கல்லை நீயா எடுக்கப்போற?"

"அதுக்கில்ல..."

"எனக்கு மயக்க மருந்து குடுத்துடுவாங்க. நீ பக்கத்துல இருந்தாலும் எனக்குத் தெரியாது, சர்ச்சுல இருந்தாலும் தெரியாது. அந்தப் பொண்ணுக்குத் தெரியும். போ."

இந்த இடத்தில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனைவி ஆபரேஷனுக்குக் காத்திருக்கும்போது ஒரு மனிதன் எவ்வளவோ பேசலாம். நான், "அப்ப என் கண்ணாடி, மாத்திரை, சாவியெல்லாம் யாரு வச்சுக்குவா?" என்று கேட்டேன். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் மச்சான், எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கில்ட்டில் பை கிடையாது. கில்ட் கட்டும் ஊரில் ஆண்கள் சாவியையும் சில்லறையையும் எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று கோடையில் வருகிற வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், நான் ஏதோ பெரிய ரகசியம் மாதிரி சிரித்துவைப்பேன். பக்கத்தில் பெண்டாட்டி கைப்பையோடு நடந்துவருவாள், அவ்வளவுதான் ரகசியம். எஃபியின் அந்தப் பழுப்புக் கைப்பைதான் நாற்பத்தொரு வருஷமாக என் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம்.

"முன்னாடி ஸ்போரன்னு ஒண்ணு தொங்கவிடுவியே, அதுக்குப் பேரும் பைதானே?" என்றாள் எஃபி. "அழகுக்கா வச்சிருக்க?"

கிளம்பும்போது நெற்றியில் முத்தம் கொடுத்து, "பயமா இருக்கா எஃபி?" என்று கேட்டேன். "எனக்கென்ன பயம். நீ தனியா கில்ட் கட்டிட்டுப் போறதை நினைச்சாத்தான்" என்றாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து என் போனில் உங்களைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். தங்கையைப் பற்றி இரண்டு நிமிஷம் கேட்டீர்கள், கில்ட்டைப் பற்றி இருபது நிமிஷம் சொன்னீர்கள். கவலை வந்தால் நீங்கள் ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள் என்று எஃபி சொல்லியிருக்கிறாள், அதனால் நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே நாங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கட்டுகிற கில்ட்டை அங்கே நீங்கள் வாரத்துக்கு இரண்டு முறை கட்டுகிறவர். "போனை ஸ்போரன்ல வைக்காதே, அது அசலூர்க்காரன் பண்ற வேலை. வலது காலுறையில கத்தி, இடது காலுறையில போன். நான் எட்டு வருஷமா அப்படித்தான். ஒரு நாள் விழுந்ததில்ல" என்றீர்கள். இதைத் தாங்கள் சொன்னதாகத் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி அதன் கூட்டோடு, ரத்த அழுத்த மாத்திரை ஒரு பட்டை, வீட்டுச் சாவி, படகுக் கொட்டகைச் சாவி, பிரசங்கம் நீண்டால் வாயில் போட்டுக்கொள்ளப் புதினா மிட்டாய், விருந்தில் நான் படிக்க வேண்டிய வாழ்த்துரை நாலு பக்கம், கைக்குட்டை, போன். போன் என் மருமகன் போன கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது, ஒரு ரொட்டிப் பலகை அளவு இருக்கும். ஸ்போரன் அப்பாவுடையது. கடல்நாய்த் தோல், பித்தளை வாய், சங்கிலி கோத்து இடுப்புக்கு முன்னால் தொங்கும். அந்தக் காலத்தில் மனிதர்களுக்கு வைத்துக்கொள்ள ஒன்றுமே இருந்திருக்காது போல, அதன் வாய் ஒரு மத்தி மீன் நுழையும் அகலம்தான். போன் நுழையவில்லை. மற்ற எல்லாவற்றையும் திணித்து மூடினேன். பதினொன்றே முக்காலுக்குத் தன் வேனில் என்னைக் கூட்டிப்போக வந்தான் சோர்லி. அவனும் எங்கள் பழைய கப்பல்காரன்தான், உங்களுக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடத்தில் உங்கள் தொப்பியைக் கடலில் போட்டவன். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"முர்டோ, உனக்கு எத்தனாவது மாசம்?"

நான் இரண்டு சாவிகளையும் வெளியே எடுத்து, பின்பக்கம் இடுப்புவாரில் மாட்டினேன். நடந்தபோது மேய்ச்சலுக்குப் போகிற ஆட்டின் கழுத்துமணி மாதிரி சத்தம் வந்தது. வெள்ளைக் கைக்குட்டையைச் சட்டைக் கைக்குள் செருகினேன். "இப்ப கையைத் தூக்கினா சண்டையில சரணடைஞ்ச மாதிரி இருக்கு" என்றான் சோர்லி. "அப்ப எங்கதான்டா வைக்கிறது?" என்றேன். "எனக்கென்ன தெரியும்? என் பொண்டாட்டி பையிலதான் எனக்கும் எல்லாம்" என்றான். கில்ட் கட்டினால் வைக்கிற சின்னக் கத்தியை வழக்கம்போல வலது காலுறையில் செருகிவிட்டு, போனை நீங்கள் சொன்னபடியே இடது காலுறைக்குள் விட்டு, மேலே நாடாவை இறுக்கிக் கட்டினேன். வாசல்கதவு வரைக்கும் முழங்காலுக்குக் கீழே இருந்தது. வேனுக்குப் போய்ச் சேர்வதற்குள் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. எலும்பு முறிந்தவனுக்குப் பலகை வைத்துக் கட்டிய மாதிரி காலை மடக்க முடியாமல், ஒரு காலை நீட்டிக்கொண்டே வேன் படியில் ஏறினேன். அப்போது கணுக்கால் படியில் இடித்திருக்கிறது. போன் தானாக, கடைசியாகப் பேசிய எண்ணைக் கூப்பிட்டிருக்கிறது. கடைசியாகப் பேசிய எண் உங்களுடையது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

அதே நேரத்தில் ஸ்போரனின் சங்கிலி அறுந்தது. பை கீழே விழுந்து, தேங்கிய தண்ணீரில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சோர்லி குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சை ஒரு வார்த்தை மாற்றாமல் கீழே எழுதுகிறேன், ஏனென்றால் டனீடனில் நீங்கள் கேட்டது இதைத்தான்.

"முடிஞ்சுபோச்சு முர்டோ."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"என்ன பண்றது? வயசாயிடுச்சுல்ல. எவ்வளவு பாரத்தைத்தான் தாங்கும்? இத்தனை வருஷம் உழைச்சுது, நல்லபடியா போயிடுச்சுன்னு நினைச்சுக்கோ."

"சரி விடு. இப்ப இதுக்காக அழுதுட்டு நின்னா கல்யாணத்துக்கு நேரமாயிடும். பின்னாடி தூக்கிப் போடு. சாயங்காலம் குப்பையில போட்டுக்கலாம்."

"கவலைப்படாதே. இன்வர்னஸ் போனா புதுசா ஒண்ணு பாத்துடலாம். இப்பல்லாம் அழகழகா இருக்கு."

"அதுவும் சரிதான்" என்றேன் நான்.

நாங்கள் ஸ்போரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், மச்சான். கடல்நாய்த் தோலைப் பற்றி. நீங்கள் அங்கே ராத்திரி முழுக்கத் தங்கையைப் பற்றிய செய்திக்காகப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்றும், அந்தப் போனில் என் காலுறைக்குள்ளிருந்து இந்த வார்த்தைகள் வந்து விழும் என்றும் நான் எங்கே கண்டேன்.

அதன்பிறகு நீங்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சோர்லியின் வேன் ஓடும்போது வேறு எந்தச் சத்தமும் கேட்காது. அதுவும் என் இடது காது செவிடு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், கணுக்காலில் அடிக்கும் மணி அதற்கு எட்டாது. சர்ச் வாசலில் இறங்கியதும் சோர்லிதான் சொன்னான்: "ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிட்டா உனக்கு எப்படிக் கேக்கும்? காதுக்குப் பக்கத்துல வை." சரியென்று போனைக் காலுறையிலிருந்து எடுத்தேன். திரையில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது, கண்ணாடி நனைந்துபோய்ச் சோர்லியிடம் இருந்ததால் என்னவென்று பார்க்கவில்லை. கோட்டின் உள்பையில் போட்டுவிட்டு நிம்மதியானேன். அந்தப் பையின் அடித்துணி கிழிந்திருக்கிறது, தைக்கும்வரை அதில் ஒன்றும் வைக்காதே என்று எஃபி மார்ச் மாதமே சொன்னாளாம். இடது காதில் சொல்லியிருக்கிறாள்.

ஸ்போரன் இல்லாமல் கில்ட் கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அது எதற்காக முன்னால் தொங்குகிறது என்பது எனக்கு அறுபத்தொன்பது வயதில், மல்லேக் சர்ச் வாசலில், கடல்காற்றில்தான் புரிந்தது. அது பையே இல்லை, பாரம். கில்ட்டை இடத்தில் நிறுத்திவைக்கும் நங்கூரம். இரண்டு கையாலும் முன்பக்கத்தை அமுக்கிக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து இஷ்பெல் சிரித்துவிட்டாள். வெள்ளை உடுப்பில் அவள் ஆலிக்கைப் போலவே இருந்தாள், அதே நெற்றி. "மாமா, எஃபி அத்தை?" என்று கேட்டாள். "இன்னும் போன் வரல" என்றேன். அவள் பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து என் ஒரு கையில் கொடுத்து முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், இன்னொரு கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள். நனைந்த வாழ்த்துரையைக்கூடத் தன் பூச்செண்டுக்குள் செருகி வைத்துக்கொண்டாள். அப்படித்தான் உள்ளே போனோம். யார் யாரை நடத்திக்கொண்டு போனார்கள் என்று கேட்காதீர்கள்.

என் போனின் மணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்குப் பதிவு செய்த எங்கள் ஃபெரியின் சங்கைச் சோர்லி அதில் போட்டுத் தந்தான், செவிட்டுக் காதுக்கும் கேட்கட்டும் என்று. போதகர் மார்சலி மாப்பிள்ளையைப் பார்த்து "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். மாப்பிள்ளை ஃபின்லே வாயைத் திறந்தான். கப்பல் சங்கு ஊதியது. ஃபின்லேயும் அதே ஃபெரியில்தான் வேலை பார்க்கிறான், பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்து ஒரு எட்டு வைத்துவிட்டான். பின் வரிசையில் நாலு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நான் கோட்டுப் பையில் கையை விட்டேன். போன் இல்லை, ஓட்டைதான் இருந்தது. போன் துணிக்கும் துணிக்கும் நடுவில் வழுக்கிப் போய், முதுகின் நட்டநடுவில், மேலேயிருந்தும் கை எட்டாது கீழேயிருந்தும் கை எட்டாது என்கிற அந்த இடத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தது. நின்றது. திரும்ப ஊதியது. நான் ஒரு கையில் பாட்டுப் புத்தகத்தோடு, இன்னொரு கையால் முதுகைத் துழாவிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினேன். "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்று முன்வரிசையிலிருந்து சோர்லி வழி சொன்னான். மார்சலி புத்தகத்தை மூடிவிட்டு, "முர்டோ, கப்பல் ஏதாவது வருதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மச்சான். சுவரில் கடிகாரம் ஒன்று ஆக ஐந்து நிமிஷம் என்று காட்டியது. ஆபரேஷன் முடிய இரண்டு மணி ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார்கள், விடாமல் கூப்பிடுகிறார்கள் என்றால் நல்ல செய்தியாக இருக்க முடியாது. "ஏதாவது முடிவு" என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. "ஆஸ்பத்திரி, மார்சலி" என்றேன். "எஃபியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்காங்க. எடுக்க முடியல என்னால."  சிரிப்பு நின்றுவிட்டது.

இஷ்பெல் பூச்செண்டை ஃபின்லேயின் கையில் கொடுத்தாள். குனிந்து என் வலது காலுறையிலிருந்து கத்தியை உருவினாள். "அசையாதீங்க மாமா" என்றாள். கோட்டைத் தூக்கி, உள்துணியைக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாகக் கிழித்தாள். ஆலிக் மீன் வயிற்றைக் கிழிக்கிற மாதிரியே இருந்தது. கல்யாண உடுப்பில் ஒரு பெண் கையில் கத்தியோடு கிழவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற இந்தக் காட்சியைப் படம் எடுத்திருக்கிறார்கள், இதோடு ஒரு பிரதி வைக்கிறேன். போன் கல்தரையில் விழுந்து, விழுந்த பிறகும் ஊதியது. மார்சலிதான் எடுத்துப் பார்த்தார்.

"ஹெக்டர், டனீடன்னு போட்டிருக்கு முர்டோ. இதோட பதினோரு தடவை."

 ஆஸ்பத்திரி இல்லை. ஒரு நிமிஷத்துக்கு எனக்கு அது போதும். போன் காலுறையில்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். "அவரா? அவருக்கு வேற வேலை இல்ல. வச்சிடுங்க" என்றேன். இதற்கு எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை, காலில் விழுகிறேன். மார்சலி வைத்தார். வைத்ததும் திரை ஒருமுறை மின்னிக் கறுத்துப்போயிற்று. பிறகு என்ன தட்டியும் எழுந்திருக்கவில்லை. விழுந்த அடி அப்படி.

ஆக, போன் செத்துவிட்டது, ஆஸ்பத்திரி இனிமேல் கூப்பிட்டாலும் கிடைக்காது. "உங்களுக்குப் போகணும்னா போங்க மாமா, நாங்க காத்திருக்கோம்" என்றாள் இஷ்பெல். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேர ரோடு. எஃபி சொல்லி அனுப்பியதை நினைத்துக்கொண்டேன். "நடக்கட்டும்" என்றேன். ஃபின்லே சம்மதம் சொன்னான், இஷ்பெல் சொன்னாள், மோதிரம் மாற்றினார்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிற மாதிரிதான் தெரிந்தது.

ஆசீர்வாதம் சொல்ல மார்சலி கையைத் தூக்கினார். அவருடைய கறுப்பு அங்கி விர்ரென்று அதிர்ந்தது. தூக்கிய கையை இறக்கி அங்கிக்குள் விட்டார். முழங்கைவரை உள்ளே போயிற்று. ஊழியக்காரரின் அங்கியைத் தைத்தவனுக்கு இருந்த புத்தி கில்ட்டைத் தைத்தவனுக்கு இல்லை. போனைக் காதில் வைத்து "ஆமா" என்றார், "ஆமா, இங்கதான் இருக்கார்" என்றார், பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். 

"முர்டோ" என்றார். "பத்து மணிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். கல்லு வெளிய வந்துடுச்சு. எஃபி முழிச்சிட்டா."

நான் முன்வரிசைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். "உன் போன் கிடைக்காதுன்னு எஃபி நேத்தே என் நம்பரையும் எழுதிக் குடுத்திருக்கா. கில்ட் கட்டியிருப்பான், அவனை நம்பாதீங்கன்னு சொன்னாளாம். இப்ப முழிச்சதும் ஒண்ணுதான் கேட்டாளாம். அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனானான்னு."

"போனான்னு சொல்லுங்க" என்று எனக்கு முன்னால் இஷ்பெல் சொன்னாள்.  ஃபின்லே பூச்செண்டு பிடித்த கையோடு என் தோளைத் தட்டினான். பிறகு நடந்த ஆசீர்வாதத்துக்கு அவ்வளவு சத்தமாக ஆமென் சொல்லி அந்த ஊரில் நான் கேட்டதில்லை.

விருந்தில் வாழ்த்துரையைப் பிரித்தபோது மை எல்லாம் கரைந்து நீலமாக இருந்தது. ஆலிக் இருந்திருந்தால் இன்றைக்கு அழுதிருப்பான், அதை மறைக்கக் கயிறு சரியில்லை என்று யாரையாவது திட்டியிருப்பான் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நாலு பக்கத்துக்கு அதுவே மேல் என்றாள் அவன் மனைவி ரோனா. அப்படியே, முதுகு கிழிந்த கோட்டோடு, சோர்லியின் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய் எஃபியைப் பார்த்தேன். என்னை ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒரு நாள், முர்டோ. ஒரே ஒரு நாள்" என்றாள். அங்கிருந்துதான் உங்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் சொன்ன "புதுசு பாக்கப்போறியாமே" என்பது எனக்கு நேற்று சாயங்காலம் வரை விளங்கவில்லை. எஃபியைப் பார்க்க வந்த சோர்லிதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தான். கேட்டதும் எஃபி சிரித்தாள், தையல் இழுக்க இழுக்கச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "ஐயோ, அண்ணன்" என்றாள். அதற்கப்புறம்தான் மூன்று முறை உங்கள் வீட்டுப் போனில் பேசினாள். மூன்றாவது முறை அழுதாள்.

இவ்வளவுதான் நடந்தது. என் அனுபவத்தை உங்கள் சங்க மலரில் போடுவதானால் போட்டுக்கொள்ளுங்கள்: காலுறையில் கத்தியைத் தவிர ஒன்றும் வைக்கக் கூடாது. கோட்டுப் பைக்குள் முதலில் விரலை விட்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. ஸ்போரனில் மாத்திரையும் ஒரு சாவியும் போக மீதி வீட்டிலேயே இருக்கட்டும். போனை, அங்கி போட்ட யாரிடமாவது கொடுத்துவிடலாம். என்னைப் பொறுத்தவரை கில்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. எஃபி பக்கத்தில் நடந்துவராத கல்யாணம் எதற்கும் இனி அது வெளியே வராது, அவள் இல்லாமல் கட்டவேண்டிய நாள் எனக்கு வரவே வேண்டாம். அந்த நாள் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனது. போய்விட்டது என்பதை எழுத எழுதத்தான் நம்ப முடிகிறது.

தங்கள் கோபம் தணிந்து, தூக்கம் வந்து, மூட்டு இளகி, சங்கத் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் நீண்டநாள் வாழ வாழ்த்துகிறேன். எஃபியின் அன்பையும், நான் கேட்கிற மன்னிப்பையும், சோர்லி தொப்பிக்காகக் கேட்கிற ஐம்பத்தைந்து வருஷத்து மன்னிப்பையும் ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மைத்துனன்,
முர்டோ கில்லீஸ்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. உறையில் டனீடன் முகவரியை எழுதிக்கொண்டிருக்கும்போது மதிய ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கில்ட் கட்டிய ஒரு ஆள். பெட்டி இல்லை, கையில் ஒன்றுமே இல்லை. கில்ட்டுக்கு மேலே மீன்பிடிக்கிறவர்கள் போடும் பச்சை அரைக்கோட்டு, அதில் ஒன்றல்ல இரண்டல்ல, எண்ணிவிட்டேன், பதினான்கு பைகள், பதினான்கும் புடைத்திருக்கின்றன. ஒன்றில் போன் எட்டிப் பார்க்கிறது. காலுறையில் ஒன்றும் இல்லை. இருபது நிமிஷம் எனக்குக் காலுறையைப் பற்றிச் சொன்னவர் நீங்கள், மச்சான். போனை அணைத்துவைத்துக்கொண்டு முப்பது மணி நேரம் விமானத்திலும் ரயிலிலும் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நான் எழுந்திருப்பதற்குள் எஃபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். எனக்கு இங்கே மேஜையிலிருந்து எல்லாம் தெரிகிறது. அவள் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"என்ன அண்ணா, கழுத்துல கறுப்பு டை? யாரு போயிட்டா?"

நீங்கள் ஒவ்வொரு பையாகத் திறந்து திறந்து கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.